நூலக அறிவியலில் புதுப்புது ஆய்விதழ்கள் ஏன் வருகின்றன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நூலக, தகவல் அறிவியலில் புதிதாக ஓர் ஆய்விதழ் வருகிறது என்ற செய்தி வந்தாலே இரண்டு குரல்கள் கேட்கும். ஒன்று "வாழ்த்துகள்", மற்றது "இன்னொன்றா?" இதழ் ஒன்றின் ஆசிரியர் குழுவில் சில ஆண்டுகள் இருந்தவன் என்பதால் இரண்டு பக்க நியாயமும் எனக்குத் தெரியும். மாணவர்களும் இளம் நூலகர்களும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றைப் பதில்களோடு இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஏற்கெனவே இத்தனை இதழ்கள் இருக்கின்றனவே, இன்னொன்று யாருக்கு வேண்டும்?

உண்மையைச் சொன்னால், முதலில் எழுதுகிறவர்களுக்குத்தான் வேண்டும். "படிக்க இதழ் போதவில்லை" என்று எந்த வாசகரும் புலம்பி நான் கேட்டதில்லை. ஆனால் கட்டுரையை முடித்துவிட்டு எங்கே அனுப்புவதென்று தெரியாமல் விழிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஓர் இதழ் "கணினிச் சமாச்சாரம் அதிகம்" என்று திருப்பி அனுப்பும். கணினி இதழோ "இது நூலகச் சமாச்சாரம்" என்று சொல்லிவிடும். மூன்றாவது இடத்தில் கோட்பாடு போதாது என்பார்கள். இப்படித் திரும்பி வந்த கட்டுரைகளை வைத்திருக்கும் நாலு பேர் ஏதாவது ஒரு மாநாட்டில் சந்தித்துக்கொண்டால், புது இதழுக்கான பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.

வாசகர் பக்கத்திலும் ஒரு காரணம் உண்டு. அதைச் சொன்னவரும் ஒரு நூலகர்தான். லண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகத்தில் இருந்த சாமுவேல் பிராட்ஃபோர்டு 1934இல் ஒரு கணக்கு வெளியிட்டார். ஒரு பொருளைப் பற்றிய கட்டுரைகளில் மூன்றில் ஒரு பங்கு மிகச் சில இதழ்களில் குவிந்திருக்கும். அடுத்த மூன்றில் ஒரு பங்கைத் தேட அதைவிடப் பல மடங்கு இதழ்களைப் புரட்ட வேண்டும். கடைசிப் பங்குக்கு இன்னும் பல மடங்கு. புதிய ஆய்வுப் பொருளுக்கு அந்தக் குவியலே இருக்காது, கட்டுரைகள் எல்லாம் நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும். அவற்றை ஓரிடத்தில் சேர்ப்பதுதான் நல்ல புது இதழின் வேலை. அதைச் செய்யாத இதழ் சிதறலைக் கூட்டத்தான் செய்யும்.

இந்தத் துறையின் முதல் இதழ்கள் எப்படித் தொடங்கின?

சங்கத்தோடு சேர்ந்து பிறந்தவைதான் அதிகம். 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்க நூலகச் சங்கம் உருவானது. அதே ஆண்டில், மெல்வில் டூயியை ஆசிரியராகக் கொண்டு, இன்று லைப்ரரி ஜர்னல் என்று அறியப்படும் இதழும் தொடங்கியது. அது ஆய்விதழ் இல்லை, தொழில் இதழ். எங்கே எந்த நூலகம் திறந்தது, அட்டவணை அட்டையை எந்த அளவில் வெட்டுவது என்பது போன்ற செய்திகளுக்கான இடம்.

ஆய்வுக்கென்று ஒரு மேடை வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. கார்னகி நிதியில் எழுந்த சிகாகோ பல்கலைக்கழகப் பட்டமேற்படிப்பு நூலகப் பள்ளியில் இருந்தவர்கள், நூலகத்தையும் சமூக அறிவியல் போலவே ஆராய முடியும் என்று நம்பினார்கள். அப்படி எழுதியதைப் போட இடம் இல்லாததால் 1931இல் லைப்ரரி குவார்ட்டர்லி வந்தது. இந்திய நூலகவியலின் முன்னோடி ரங்கநாதன் வகுத்த நூலகவியலின் ஐந்து விதிகள் அச்சான ஆண்டும் அதுவே. போர் முடிந்த 1945இல் பிரிட்டனில் ஜர்னல் ஆஃப் டாக்குமென்டேஷன் வந்தது. 1950இல் அமெரிக்கன் டாக்குமென்டேஷன் வந்தது. போர்க்காலத்தில் மலையாகக் குவிந்த அறிவியல் அறிக்கைகளை எப்படித் தேடி எடுப்பது என்ற தலைவலிக்கும் இவற்றின் காலத்துக்கும் தொடர்பு இருக்கிறது.

ரங்கநாதனும் இந்த ஆசைக்கு விலக்கில்லை. பெங்களூரில் டி.ஆர்.டி.சி. என்ற ஆவணமாக்க ஆய்வு மையத்தை 1962இல் நிறுவினார். இரண்டே ஆண்டில், 1964இல், அங்கிருந்து ஓர் இதழ் தொடங்கினார். லைப்ரரி சயின்ஸ் வித் எ ஸ்லாண்ட் டு டாக்குமென்டேஷன் என்பது பெயர். எதற்காகத் தொடங்கினார் என்று தனியாக விளக்கவே தேவையில்லாத தலைப்பு!

புது இதழுக்குப் பதிலாகப் பழைய இதழின் பெயரையும் எல்லையையும் மாற்றினால் போதாதா?

அதுவும் நடக்கிறது. மேலே சொன்ன அமெரிக்கன் டாக்குமென்டேஷன் 1970இல் தகவல் அறிவியல் சங்கத்தின் இதழாகப் பெயர் மாறியது. 2001இல் பெயரில் தொழில்நுட்பமும் சேர்ந்தது, 2014இல் மறுபடியும் மாற்றம். நூலக வரலாற்றுக்கென 1966இல் வந்த ஜர்னல் ஆஃப் லைப்ரரி ஹிஸ்டரியின் கதை இன்னும் வேடிக்கை. லைப்ரரீஸ் அண்ட் கல்ச்சர், பிறகு லைப்ரரீஸ் அண்ட் த கல்ச்சுரல் ரெக்கார்டு, 2012இலிருந்து இன்ஃபர்மேஷன் அண்ட் கல்ச்சர். அரை நூற்றாண்டுக்குள் நாலு பெயர், கடைசிப் பெயரில் நூலகமே காணோம். துறை எந்தப் பக்கம் நகர்ந்தது என்பதை அறிய வேறு சான்று வேண்டியதில்லை.

ஆனால் பெயர் மாற்றமும் சும்மா வராது. தலைப்பு பெரிய அளவில் மாறினால் ஐ.எஸ்.எஸ்.என். என்ற இதழ் அடையாள எண்ணைப் புதிதாக வாங்க வேண்டும். மேற்கோள் கணக்கு, அதாவது பிற கட்டுரைகள் இந்த இதழைச் சுட்டிய எண்ணிக்கை, இரண்டாகப் பிரியும். நூலகப் பட்டியலில் பழைய பதிவை மூடிப் புதியதைத் திறக்க வேண்டும். பருவ இதழ்ப் பிரிவில் வேலை பார்த்த யாரிடமாவது இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பெருமூச்சுதான் பதில். அதோடு, பழைய ஆசிரியர் குழுவின் ரசனை அட்டையை மாற்றினால் மாறிவிடுமா? அது மாறாது என்று தெரிந்தவர்கள்தான் தனிக்கடை போடுகிறார்கள்.

துறை கிளைவிடும்போது இதழும் கிளைவிடும் என்கிறார்களே, அதற்கு உதாரணம்?

தெளிவான உதாரணம் சயின்டோமெட்ரிக்ஸ். அறிவியலையே எண்ணிக்கையால் அளப்பது நூலக அறிவியலா, சமூகவியலா, புள்ளியியலா என்று யாருக்கும் புரியாத காலத்தில், 1978இல், டிபோர் பிரவுன் புடாபெஸ்டிலிருந்து அதைத் தொடங்கினார். சிதறிக் கிடந்தவர்களை அந்த இதழ் ஒரு கூட்டமாக்கியது. துறை பிறந்து இதழ் வந்ததா, இதழ் வந்து துறை பிறந்ததா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

பிற்பாடு வந்தவை வேறு மாதிரி. மருத்துவத்திலிருந்து "சான்று அடிப்படையில் முடிவெடு" என்ற வழக்கம் நூலகத்துக்குள் வந்ததும், 2006இல் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்திலிருந்து எவிடென்ஸ் பேஸ்டு லைப்ரரி அண்ட் இன்ஃபர்மேஷன் பிராக்டிஸ் வந்தது. நூலகத்தில் உட்கார்ந்து நிரல் எழுதுகிறவர்கள் 2007இல் கோட்ஃபார்லிப் ஜர்னலைத் தொடங்கினார்கள். அதில் நிரல் துண்டுகளோடு கட்டுரை வரும். சிகாகோ மரபில் வந்த இதழ் எதுவும் அப்படி ஒரு கட்டுரையைத் தொட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

ஆசிரியர் குழு மொத்தமாக விலகிப் போய்ப் புது இதழ் தொடங்குவதாகக் கேள்விப்பட்டேன். அப்படியும் நடக்குமா?

நடக்கும். இந்தத் துறையில் ஒரு முறைக்கு மேலேயே நடந்திருக்கிறது.

ஜர்னல் ஆஃப் அகடெமிக் லைப்ரரியன்ஷிப் என்ற இதழ் கைமாறி எல்செவியர் என்ற பதிப்பகக் குழுமத்திடம் போனது. சந்தா ஏறியது. 1998இல் ஆசிரியர் குழுவில் பலர் விலகினார்கள். அவர்களில் சிலர் சேர்ந்து, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக அச்சகம் வழியாக, 2001இல் போர்ட்டல் என்ற இதழைக் கொண்டுவந்தார்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. மற்ற துறைகளில் ஆசிரியர் குழுவுக்குச் சந்தா விலை கண்ணிலேயே படாது, பில்லைக் கட்டுவது யாரோ. நூலகவியலில் எழுதுவது, மதிப்பாய்வு செய்வது, சந்தா கட்டுவது மூன்றும் ஒரே ஆள்! காலையில் இதழ் ஆசிரியராகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மதியம் அதே இதழின் விலை ஏற்றத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தால் கோபம் வராதா?

அடுத்தது 2013. ஜர்னல் ஆஃப் லைப்ரரி அட்மினிஸ்ட்ரேஷனின் ஆசிரியரும் குழுவும் விலகினார்கள். சண்டை கட்டுரையாளர் ஒப்பந்தத்தைப் பற்றி. தன் கட்டுரையை யாரும் இலவசமாகப் படிக்கும்படி திறந்த நிலையில் வைத்துக்கொள்ள எழுதியவருக்கு உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். கட்டுரை ஒன்றுக்குக் கிட்டத்தட்ட 3,000 டாலர் கட்டினால் முடியும் என்ற வழி முன்வைக்கப்பட்டது. நூலகரின் சம்பளத்தில் அது எத்தனை நாள் வேலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த இதழ் வேறு ஆசிரியரோடு தொடர்ந்து வந்தது. குழு விலகினால் பழைய இதழ் செத்துவிடும் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பெயர் பதிப்பகத்தின் சொத்து, அதை எடுத்துக்கொண்டு வெளியேற முடியாது.

பெரிய சம்பவம் 2019 ஜனவரியில் நடந்தது. ஜர்னல் ஆஃப் இன்ஃபர்மெட்ரிக்ஸின் ஆசிரியர் குழு முழுவதும் விலகியது. அவர்கள் கேட்டவை மூன்று. இதழ் அறிஞர் சமூகத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும், கட்டுரையை எல்லோரும் இலவசமாகப் படிப்பதற்காக எழுதியவர் கட்டும் திறந்த அணுக்கக் கட்டணம் குறைய வேண்டும், கட்டுரைகளின் மேற்கோள் பட்டியல் எல்லோருக்கும் திறந்த தரவாகக் கிடைக்க வேண்டும். மூன்றாவது கோரிக்கை வெளியே இருப்பவர்களுக்குச் சில்லறையாகத் தெரியலாம். மேற்கோள்களை எண்ணுவதையே பிழைப்பாகக் கொண்டவர்களுக்கு அதுதான் மூலப்பொருள். அவர்கள் தொடங்கிய இதழ் குவான்டிடேட்டிவ் சயின்ஸ் ஸ்டடீஸ். உரிமை ஐ.எஸ்.எஸ்.ஐ. என்ற சர்வதேசச் சங்கத்திடம், வெளியீடு எம்.ஐ.டி. அச்சகம். தொடக்கக் காலத்தில் கட்டுரையாளர்கள் கட்டணம் கட்டாமல் இருக்க ஹனோவரின் டி.ஐ.பி. நூலகமும் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகமும் நிதி தந்தன. கிளர்ச்சிக்குப் பின்னால் ஒரு நூலகம் பணத்தோடு நின்றது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கொஞ்சம் சந்தோஷம்தான்.

பதிப்பகங்களே ஆர்வமாகப் புது இதழ் தொடங்குவது ஏன்?

வணிகம். ஓர் இதழுக்குப் பதில் இன்னோர் இதழை வாங்க முடியாது, ஏனென்றால் அதில் வரும் கட்டுரை வேறெங்கும் வராது. அதனால் புது இதழ் ஒவ்வொன்றும் போட்டியில்லாத ஒரு சிறு கடை. ஹாவொர்த் பிரஸ் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தது. 1970களிலும் 80களிலும் நூலகத்தின் ஒவ்வொரு மேசைக்கும் ஓர் இதழ் போட்டது என்றே சொல்லலாம். பருவ இதழ் நூலகருக்கு ஒன்று, அட்டவணையாளருக்கு ஒன்று, பார்வை நூலகருக்கு ஒன்று. 2007இல் அதை டெய்லர் அண்ட் பிரான்சிஸ் வாங்கியது. அவற்றில் நல்ல இதழ்களும் உண்டு, அதை மறுக்கவில்லை.

பதவி உயர்வுக்குக் கட்டுரை வேண்டும் என்பதாலும் இதழ்கள் பெருகுகின்றனவா?

ஆமாம். எத்தனை கட்டுரை என்று எண்ணித்தான் பதவி கொடுப்போம் என்று நிறுவனங்கள் சொன்னால், எண்ணிக்கையைத் தருகிற கடைகளும் முளைக்கும். நூலகருக்கும் கற்பிக்கும் ஆசிரியருக்கு இணையான தகுதி தரும் பல்கலைக்கழகங்களில் இந்த நெருக்கடி நூலகர் மேசைக்கும் வந்துவிட்டது.

பணத்தை வாங்கிக்கொண்டு மதிப்பாய்வே இல்லாமல் போடும் இதழ்களை இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அவற்றுக்கு "வேட்டை இதழ்கள்" என்ற பொருளில் பெயர் வைத்துப் பட்டியல் போட்டவரும் ஒரு நூலகரே, கொலராடோ பல்கலைக்கழகத்தின் டென்வர் வளாகத்தில் இருந்த ஜெஃப்ரி பீல். 2017 ஜனவரியில் அந்தப் பட்டியல் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஒரு தனி மனிதரின் தீர்ப்பில் இத்தனை பேரின் பிழைப்பு தொங்கலாமா என்ற விமர்சனம் அதற்கு முன்பே இருந்தது. வசதியில்லாத சிறிய இதழையும் மோசடி இதழையும் ஒரே கூடையில் போடும் ஆபத்து எந்தக் கறுப்புப் பட்டியலிலும் உண்டு.

இதழ் தொடங்க என்னென்ன வேண்டும்?

கருவிகள் இன்று மலிவு. ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ், சுருக்கமாக ஓ.ஜே.எஸ்., இலவச மென்பொருள். ஜான் வில்லின்ஸ்கி தொடங்கிய பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட்டின் ஆக்கம் அது. 2020இல் 25,000க்கும் மேற்பட்ட இதழ்கள் அதில் ஓடிக்கொண்டிருந்தன. ஐ.எஸ்.எஸ்.என். எட்டு இலக்க எண், விண்ணப்பித்தால் கிடைக்கும். அது தர முத்திரை கிடையாது, வெறும் அடையாள எண். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது, ஏனென்றால் ஐ.எஸ்.எஸ்.என். இருப்பதையே பெருமையாக அட்டையில் அச்சடிக்கும் இதழ்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம். ஒவ்வொரு கட்டுரைக்கும் டி.ஓ.ஐ. என்ற நிலையான இணைய அடையாள எண் கொடுக்கக் கிராஸ்ரெஃப் போன்ற அமைப்பில் உறுப்பினராக வேண்டும்.

கிடைக்காதது மனித உழைப்பு. மதிப்பாய்வாளர் ஒருவரைப் பிடிக்க ஐந்தாறு பேருக்குக் கடிதம் போட வேண்டியிருக்கும். ஒப்புக்கொண்டவர் இரண்டு மாதம் கழித்து மன்னிப்புக் கேட்பார். மொழி திருத்த வேண்டும், மேற்கோள் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும், "என் கட்டுரை என்ன ஆனது?" என்ற மின்னஞ்சலுக்கு மரியாதையாகப் பதில் போட வேண்டும். முதல் இதழ் சுலபமாக வந்துவிடும், நண்பர்கள் எழுதித் தருவார்கள். இரண்டாவதற்கு நண்பர்களின் மாணவர்கள் எழுதுவார்கள். மூன்றாவது இதழுக்கு முன்னால்தான் ஆசிரியருக்குத் தூக்கம் போகும். நாங்கள் அந்தக் கட்டத்தில் இரண்டு இதழ்களை ஒன்றாக்கி "இரட்டை இதழ்" என்று போட்டோம். வாசகர்கள் அதைச் சிறப்பிதழ் என்று நினைத்துக்கொண்டார்கள், நாங்களும் திருத்தவில்லை.

செலவை யார் ஏற்பார்கள்?

வாசகர் சந்தா, எழுதியவர் கட்டணம், அல்லது மூன்றாமவர். மூன்றாமவர் என்றால் சங்கமோ பல்கலைக்கழகமோ நூலகமோ. எழுதுகிறவரும் கட்ட வேண்டாம், படிக்கிறவரும் கட்ட வேண்டாம் என்ற இந்த வகைக்கு வைர வழி என்று பெயர். நூலகவியலில் இதற்கு ஆதரவு அதிகம், நியாயமான காரணத்தோடு. டாம் வில்சன் 1995இல் தொடங்கிய இன்ஃபர்மேஷன் ரிசர்ச் இந்த வழியில் முன்னோடி. ஆனால் வைரம் என்ற சொல்லைக் கேட்டு மயங்க வேண்டாம். பெரும்பாலும் யாரோ ஒருவர் தன் சொந்த நேரத்தைக் கொடுக்கிறார், அது எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

புது இதழுக்கு இம்பாக்ட் ஃபேக்டர் எப்போது கிடைக்கும்?

சீக்கிரம் கிடைக்காது. கடந்த இரண்டு ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களை அந்தக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் அது. ஆண்டுக்கு 10 வீதம் 20 கட்டுரை, அவற்றுக்கு 30 மேற்கோள் என்றால் 1.5. ஆக முதலில் இரண்டு ஆண்டுக் கட்டுரைகள் கையில் இருக்க வேண்டும், அதற்கும் முன்னால் அட்டவணைத் தொகுப்பில் இதழ் இடம்பெற வேண்டும். எண் இல்லாத இதழுக்கு நல்ல கட்டுரை வராது, நல்ல கட்டுரை இல்லாத இதழுக்கு எண் வராது. சிறிய இதழ்களைக் கொல்வது பணப் பற்றாக்குறையைவிட இந்த வட்டம் என்பது என் அனுபவம்.

சரி, புதிதாக வந்த இதழுக்கு என் கட்டுரையை அனுப்பலாமா?

அனுப்பலாம், பார்த்து அனுப்புங்கள். ஆசிரியர் குழுவில் இருக்கும் இரண்டு பேருக்கு எழுதி, தாங்கள் குழுவில் இருப்பது அவர்களுக்குத் தெரியுமா என்று கேளுங்கள். விளையாட்டில்லை, தெரியாதவர்கள் உண்டு. வந்த கட்டுரைகளில் எத்தனை ஆசிரியர் குழுவினர் எழுதியவை என்று எண்ணுங்கள். திறந்த அணுக்க இதழ்களின் விவரத்தொகுப்பான டி.ஓ.ஏ.ஜே. இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. அண்மைய இரண்டு இதழ்களில் எதிலும், ஆசிரியர்களோ குழுவினரோ மதிப்பாய்வாளர்களோ எழுதியவை 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஆண்டுக்குக் குறைந்தது 5 ஆய்வுக் கட்டுரைகளாவது வர வேண்டும் என்றும் கேட்கிறது. மூன்று நாளில் மதிப்பாய்வு முடிந்துவிடும் என்று வாக்குக் கொடுக்கும் இதழைக் கண்டால் அப்படியே நகர்ந்துவிடுங்கள்.

புது இதழில் ஒரு நன்மையும் உண்டு. ஆசிரியர் உங்கள் கட்டுரையை உண்மையிலேயே படிப்பார். வரிசையில் நூறு கட்டுரை காத்திருக்கும் இடத்தில் அது அபூர்வம்.

இப்படித் தொடங்கியவற்றில் பல நின்றுபோகின்றனவே?

நிற்கின்றன. இதழ்களின் எண்ணிக்கை ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை பத்து மடங்காகிறது என்று அறிவியல் வரலாற்றாளர் டெரெக் டி சோலா பிரைஸ் காட்டிய புகழ்பெற்ற வரைபடம், தொடங்கிய இதழ்களை எண்ணியது. இறந்தவற்றை அது கழிக்கவில்லை. இணைய இதழ் இறந்தால் இன்னொரு சிக்கல். அச்சு இதழ் நின்றாலும் பழைய தொகுதிகள் அலமாரியில் இருக்கும். இணைய இதழுக்கு வாடகை கட்ட மறந்தால் முழுவதுமே போய்விடும். 2000 முதல் 2019 வரை 170க்கும் மேற்பட்ட திறந்த அணுக்க இதழ்கள் வலையிலிருந்து அப்படியே மறைந்துபோயின என்று ஒரு ஆய்வு கண்டறிந்தது. லாக்ஸ், போர்ட்டிகோ போன்ற பாதுகாப்பு வலையமைப்புகளில் முதல் ஆண்டிலேயே சேருங்கள் என்று நூலகர்கள் நச்சரிப்பது இதனால்தான். ஓ.ஜே.எஸ். இதழ்களுக்கென்று அதன் ஆக்கியோரே ஒரு பாதுகாப்பு வலையமைப்பு வைத்திருக்கிறார்கள்.

நிறுத்துவதென்றால் எப்படி நிறுத்துவது?

சொல்லிவிட்டு நிறுத்துங்கள். எண்ணிம நூலகங்களுக்கான டி-லிப் மேகசீன் 1995 ஜூலையில் தொடங்கி, 22 ஆண்டுகள் இலவசமாக வந்து, 2017 ஜூலை/ஆகஸ்ட் இதழோடு முடித்துக்கொள்கிறோம் என்று அறிவித்து நின்றது. பழைய இதழ்களை அப்படியே வலையில் விட்டுவைத்தார்கள். நீங்களும் கையில் இருக்கும் கட்டுரைகளை முடித்துவிடுங்கள், அல்லது எழுதியவரிடம் திருப்பிக் கொடுங்கள். ஐ.எஸ்.எஸ்.என். மையத்துக்குத் தெரிவியுங்கள். டி.ஓ.ஐ. சுட்டிகளைக் காப்பகத்துக்குத் திருப்பிவிடுங்கள். அப்புறம், ஆசிரியர் குழுவின் கடவுச்சொல்லை இன்னும் ஒருவரிடமாவது கொடுத்துவிட்டுப் போங்கள்.